யூபாரி: நிலக்கரி போன பிறகு ஒரு ஜப்பானிய மலையூரின் கணக்கு

"ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள யூபாரி என்ற சிறு நகரம் 2007-இல் திவாலானது. கேளிக்கைப் பூங்காவும் பனிச்சறுக்கு விடுதியும் கட்டிப் பணத்தை வாரி இறைத்ததுதானே காரணம்? அந்த ஊரின் புவியியல், வரலாறு, பொருளாதாரம் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

வாரி இறைத்தது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது கதையின் பின்பாதி. முன்பாதியைச் சொல்லாமல் பின்பாதியை மட்டும் சொன்னால், ஏதோ புத்தியில்லாத ஒரு மலையூர் ஆடம்பரத்தால் அழிந்தது போலத் தோன்றும். ஜப்பானிய நாளிதழ்களிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினார்கள். என் கருத்து வேறு. நூறு ஆண்டுகள் ஓர் ஊரையே சொந்தமாக வைத்து நடத்திய சுரங்க நிறுவனம் விட்டுவிட்டுப் போனபோது, அது செய்துவந்த அத்தனை வேலையும் ஒரு சின்ன நகராட்சியின் தலையில் விழுந்தது. கடனின் வேர் அங்கே இருக்கிறது. அதனால் நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவுக்குக் கிழக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், மலைகளுக்கு நடுவே யூபாரி இருக்கிறது. பரப்பளவு சுமார் 763 சதுர கி.மீ. டோக்கியோ மாநகரின் 23 வட்டங்களைச் சேர்த்தாலும் இதைவிடக் குறைவு. ஆனால் இந்தப் பரப்பில் மிகப் பெரும்பகுதி காடும் மலையும்தான். கிழக்கு எல்லையில் 1,668 மீட்டர் உயரமுள்ள யூபாரி மலை நிற்கிறது. வேறெங்கும் காணக் கிடைக்காத சில மலைச்செடிகள் அங்கே வளர்வதால், அந்த மலையின் செடித்தொகுதியை இயற்கைச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் குறுகிய பள்ளத்தாக்குகளை வெட்டிக்கொண்டு போய் யூபாரி ஆற்றில் சேர்கின்றன. அது இஷிகாரி ஆற்றில் கலந்து ஜப்பான் கடலுக்குப் போகிறது. நவம்பரில் விழத் தொடங்கும் பனி ஏப்ரல் வரை கிடக்கும். குளிர் மைனஸ் 15, 20 டிகிரி வரை இறங்கும்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். இந்த ஊருக்கு நடு என்று ஒன்று கிடையாது. எங்கே சுரங்கவாய் திறந்தார்களோ அங்கே ஒரு குடியிருப்பு, அதற்கென்று ஒரு பள்ளி, கடைவீதி, பொதுக் குளியலறை என்று பள்ளத்தாக்கு நெடுகிலும் சிதறிக் கிடக்கிறது. வடக்குக் கோடியில் பழைய நகர்ப்பகுதி, நடுவில் ஷிமிசுசாவா, தெற்கே நுமனோசாவா, அதற்கும் கீழே இன்றைய ஷின்-யூபாரி ரயில் நிலையம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பழைய ரயில் பாதையில் 16 கி.மீ. மக்கள் நிறைந்திருந்த காலத்தில் இந்த நீளம் ஒரு பொருட்டாக இல்லை. மக்கள் குறைந்தபோது இதே நீளம் ஊரின் கழுத்தை இறுக்கியது. பனி அள்ள வேண்டிய சாலையும், உறையாமல் காக்க வேண்டிய குடிநீர்க் குழாயும் மக்கள்தொகையோடு சேர்ந்து குறையவில்லை.

ஹொக்கைடோ முதலில் ஐனு மக்களின் பூமி. மெய்ஜி அரசு 1869-இல் குடியேற்ற ஆணையம் அமைத்து, தீவைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, என்ன கனிமம் கிடைக்கும் என்று தேடத் தொடங்கியது. அதற்காக அமர்த்தப்பட்ட அமெரிக்க நிலவியலாளர் பெஞ்சமின் ஸ்மித் லைமன் 1874-இல் யூபாரி ஆற்றின் மேற்பகுதிவரை போய், அங்கே நிலக்கரி இருக்க வேண்டும் என்று கணித்தார். அவருடைய குழுவில் பயிற்சி பெற்ற பான் இச்சிதாரோ 1888-இல் அந்தப் படுகையைக் கண்ணால் கண்டார். மறு ஆண்டே ஹொக்குத்தான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹொக்கைடோ நிலக்கரி ரயில்வே நிறுவனம் உருவானது. 1890-இல் சுரங்கம் திறந்தது. 1892-இல் ரயில் வந்தது. முரோரான் துறைமுகத்துக்கு நிலக்கரி இறங்கத் தொடங்கியது.

பான் கண்ட அந்தப் படுகை இன்றும் வெட்டவெளியில் அப்படியே இருக்கிறது. நிலக்கரி அருங்காட்சியகத்தின் அருகே மலைச்சரிவில் கருப்புச் சுவர் போல நிற்கிறது. உற்றுப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். 10 ஷாக்கு, 8 ஷாக்கு, 6 ஷாக்கு என்று அவற்றை அளந்து, மொத்தம் 24 ஷாக்குப் படுகை என்று பெயர் வைத்தார்கள். ஷாக்கு ஏறத்தாழ ஓர் அடி. ஆக மொத்தக் கனம் 7 மீட்டருக்குச் சற்று மேல். குனிந்து ஊர்ந்து வெட்ட வேண்டிய மெல்லிய படுகைகள் சாதாரணமாக இருந்த ஜப்பானில் இது பெரும் புதையல். தரமும் உயர்ந்தது. சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் வகை என்பதால் உலைகளில் எரிக்கும் கோக் என்ற கரியைத் தயாரிக்கவும், அதன்மூலம் எஃகு உருக்கவும் ஏற்றது. முரோரானின் எஃகு ஆலைகளுக்கும் யூபாரியின் சுரங்கங்களுக்கும் இருந்த உறவு இங்கிருந்து வருகிறது. நிலக்கரி, எஃகு, துறைமுகம் ஆகிய மூன்றையும் இணைத்து முரோரான், ஒதாரு போன்ற ஊர்களோடு யூபாரியையும் 2019-இல் ஜப்பான் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கும் அதுவே அடிப்படை.

நல்ல நிலக்கரியோடு மீத்தேன் வாயுவும் கூடவே வந்தது. 1912-இல் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய வெடிப்புகள். 1914-இல் நடந்த வெடிப்பில் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊர் வளர்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் இப்படி ஒரு சாவுக் கணக்கு உண்டு.

இருந்தும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1943-இல் யூபாரி நகரமாகத் தரம் உயர்ந்தது. பெரிதும் சிறிதுமாக 24 சுரங்கங்கள். 1960-இல் மக்கள்தொகை 1 லட்சத்து 16 ஆயிரத்தைத் தொட்டது. அந்தக் காலத்து வாழ்க்கையைப் புரிந்துகொள்வது மிக முக்கியம், ஏனென்றால் பிற்காலக் கடனின் விதை அதில்தான் இருக்கிறது. தொழிலாளி குடியிருந்தது நிறுவனம் கட்டிய வரிசை வீட்டில். குளிக்கப் போனது நிறுவனத்தின் பொதுக் குளியலறைக்கு. குடிநீர், மின்சாரம், குளிர்காலத்துக்கு எரிக்க நிலக்கரி எல்லாம் இலவசம் அல்லது பெயருக்கு ஒரு கட்டணம். காய்ச்சல் வந்தால் நிறுவனத்தின் மருத்துவமனை. சாலையின் பெரும்பகுதியும் நிலத்தின் பெரும்பகுதியும் நிறுவனத்தினுடையவை. நகராட்சி என்று ஒன்று இருந்தது. ஆனால் ஒரு நகராட்சி செய்ய வேண்டிய வேலைகளில் பாதியை ஹொக்குத்தானும் இங்கே சுரங்கம் நடத்திய இன்னொரு நிறுவனமான மித்சுபிஷியும் செய்துவந்தன.

1960-களில் ஜப்பான் பெட்ரோலியத்துக்கு மாறியது. வெளிநாட்டு நிலக்கரியும் மலிவாக வந்தது. அரசு தன் எரிசக்திக் கொள்கையை மாற்றிக்கொண்டு, சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூட மானியம் கொடுத்தது. 1973 எண்ணெய் நெருக்கடி சற்று மூச்சு விட இடம் கொடுத்தது. உள்நாட்டு நிலக்கரியை முற்றாகக் கைவிடக் கூடாது என்ற எண்ணத்தில், ஷிமிசுசாவா அருகே மிக ஆழத்தில் ஹொக்குத்தான் யூபாரி புதுச் சுரங்கம் என்று ஒன்று 1975-இல் தொடங்கப்பட்டது. ஊரின் கடைசி நம்பிக்கை அதுதான்.

1981 அக்டோபர் 16 அன்று அந்தச் சுரங்கத்தில் வாயு பீறிட்டு வெளியேறியது. பிறகு தீப்பிடித்தது. மீட்கப் போனவர்களிலும் பலர் இறந்தனர். தீ அணையவில்லை. உள்ளே 59 பேர் இருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. தீயை அணைக்க ஆற்று நீரைச் சுரங்கத்துக்குள் திறந்துவிடுவது என்று நிறுவனம் முடிவெடுத்தது. நிறுவனத் தலைவர் குடும்பங்களிடம் நேரில் போய், அவர்களின் உயிரைத் தந்துவிடுங்கள் என்ற பொருளில் கேட்டது இன்றும் ஹொக்கைடோவில் மறக்கப்படாத செய்தி. அக்டோபர் 23 அன்று சங்கு ஒலித்தது, ஊர் தலைகுனிந்து நின்றது, நீர் உள்ளே போனது. கடைசி உடலை மீட்க விபத்து நாளிலிருந்து 163 நாட்கள் ஆயின. மொத்தம் 93 பேர் இறந்தனர். அந்த டிசம்பரிலேயே நிறுவனம் நொடித்துப்போனது. 1982-இல் சுரங்கம் மூடப்பட்டது. சப்போரோவையும் கிழக்கு ஹொக்கைடோவையும் யூபாரி வழியாக இணைக்கும் செகிஷோ ரயில் பாதை திறந்ததும் அதே 1981 அக்டோபரில்தான். ஊருக்கு நல்ல காலம் பிறக்கிறது என்று நினைத்திருந்த மாதம் அது.

மிச்சமிருந்த மித்சுபிஷியின் மினாமி-ஓயூபாரி சுரங்கத்தில் 1985-இல் வெடிப்பு நடந்து 62 பேர் இறந்தனர். 1990-இல் அதுவும் மூடப்பட்டது. அத்தோடு யூபாரியில் நிலக்கரிச் சுரங்கம் என்று ஒன்று இல்லாமல் போனது.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சுரங்கம் மூடினால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யூபாரியில் வேலையோடு சேர்ந்து ஊரின் உள்கட்டமைப்பே அநாதையானது. குழாயில் தண்ணீர் விட ஆள் இல்லை, மருத்துவமனைக்கு உரிமையாளர் இல்லை, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பராமரிப்பு இல்லை. நிறுவனம் வரிப் பாக்கியையும் வைத்துவிட்டுப் போனது. நகராட்சி என்ன செய்ய முடியும்? நிலத்தையும் வீடுகளையும் மருத்துவமனையையும் காசு கொடுத்து வாங்கியது, குடிநீர் அமைப்பைப் புதிதாகக் கட்டியது, பள்ளிகளை ஒன்றுசேர்த்தது, இடிந்த வரிசை வீடுகளை அகற்றிப் பொதுக் குடியிருப்புகள் எழுப்பியது. சுரங்க மூடலுக்குப் பிந்தைய இந்த வேலைகளுக்கு ஆன செலவு ஏறத்தாழ 5,830 கோடி யென். அதில் பாதிக்கும் மேல் நகராட்சி வாங்கிய கடன். கேளிக்கைப் பூங்காவைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தத் தொகையை ஏனோ சொல்வதில்லை.

இனி அந்தப் பூங்காவைப் பார்ப்போம். 1979-இல் மேயரான நகாதா தெத்சுஜி, 2003 வரை ஆறு முறை தொடர்ந்து அந்தப் பதவியில் இருந்தார். "நிலக்கரியிலிருந்து சுற்றுலாவுக்கு" என்பதே அவருடைய முழக்கம். அருங்காட்சியகம் முதலில் வந்தது. பிறகு ராட்டினங்களும் ரோலர் கோஸ்டரும் கொண்ட நிலக்கரி வரலாற்றுக் கிராமம், ரோபோ அருங்காட்சியகம், பாடம் செய்த விலங்குகளின் அருங்காட்சியகம், முலாம்பழக் கோட்டை. ஊரின் அளவு, மக்கள்தொகை எதையும் பார்க்காமல் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் மத்திய அரசு 10 கோடி யென் கொடுத்த 1980-களின் இறுதியில், யூபாரி அந்தப் பணத்தைக் கொண்டு சர்வதேசத் திரைப்பட விழா ஒன்றைத் தொடங்கியது. முதல் விழா 1990-இல் நடந்தது. பனி மூடிய ஒரு மலையூரின் விழா உலகத் திரைக் கலைஞர்களிடையே பெயர் பெற்றதும் உண்மை. அன்று நகாதாவைப் பாராட்டாதவர் குறைவு.

நான் அவரை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வேலையிழந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது, எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அந்த நாற்காலியில் இருந்த யாருக்கும் வந்திருக்கும். ஆனால் பிற்கால முடிவுகளை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஜப்பானில் தாறுமாறாக ஏறியிருந்த சொத்து விலைகள் சரிந்த பின், அதாவது சொத்துக் குமிழி வெடித்த பின், பனிச்சறுக்கு மைதானத்தையும் விடுதியையும் நடத்திய தனியார் நிறுவனம் விலகியது. வேலைகள் போய்விடுமே என்று நகராட்சியே அவற்றை வாங்கியது: 1996-இல் விடுதி, சுமார் 200 கோடி யென், 2002-இல் பனிச்சறுக்கு மைதானம், சுமார் 260 கோடி யென். இரண்டாவதற்குக் கடன்பத்திரம் வெளியிட ஹொக்கைடோ மாகாண அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நகராட்சியின் துணை அமைப்பு ஒன்றின் வழியாகச் சுற்றி வளைத்து வாங்கினார்கள். தனியார் முதலாளியே நட்டம் என்று விட்டுப்போனதை, ஏற்கெனவே கடனில் இருந்த ஊர் வாங்கியது மன்னிக்க முடியாத தவறு.

ரயில் நிலையத்தின் இடம் இந்தக் காலத்தைத் தெளிவாகக் காட்டும். யூபாரி நிலையம் ஆதியில் பள்ளத்தாக்கின் உள்கோடியில், நிலக்கரி ஏற்றும் முற்றத்தருகே இருந்தது. 1985-இல் அதைத் தெற்கே நகராட்சி அலுவலகத்துப் பக்கம் நகர்த்தினார்கள். 1990-இல் இன்னும் தெற்கே, பனிச்சறுக்கு விடுதியின் வாசலுக்கே கொண்டுவந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் இரண்டு முறை, பிழைப்பு எங்கே இருக்கும் என்று நினைத்தார்களோ அந்தத் திசையில் நிலையம் நடந்தது.

நட்டம் எப்படி இத்தனை ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்தது? இது பலருக்குப் புரியாத இடம் என்பதால் சற்று நிறுத்திச் சொல்கிறேன். ஜப்பானில் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்தாலும், பழைய ஆண்டின் கணக்கை முடிக்க மே இறுதி வரை அவகாசம் உண்டு. அந்த ஏப்ரல், மே மாதங்களில் பழைய ஆண்டின் ஏடும் புதிய ஆண்டின் ஏடும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். சுற்றுலாவுக்கு ஒரு தனிக் கணக்கு, மருத்துவமனைக்கு ஒரு தனிக் கணக்கு என்று வைத்திருந்தார்கள். புதிய ஆண்டின் பொதுக் கணக்கிலிருந்து பழைய ஆண்டின் தனிக் கணக்குக்குக் கைமாற்று கொடுத்துப் பள்ளத்தை நிரப்புவார்கள். பொதுக் கணக்கில் விழுந்த ஓட்டையை வங்கிகளிடம் வாங்கிய குறுகிய காலக் கடனால் மூடுவார்கள். ஆண்டு இறுதி அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த ஆண்டு அதே வேலை, இன்னும் பெரிய தொகையில். வங்கிகளுக்கும் மேலதிகாரிகளுக்கும் சந்தேகமே வரவில்லை என்பதை நான் நம்பத் தயாரில்லை. ஒரு நகராட்சிக்குக் கொடுத்த பணம் வராமல் போகாது என்ற துணிச்சலில் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

2001-இல் நிலக்கரிப் பகுதிகளுக்கான சிறப்புச் சட்டம் காலாவதியானது. அதோடு வந்துகொண்டிருந்த உதவித்தொகைகளும் படிப்படியாக நின்றன. அதே காலத்தில் மத்திய அரசு உள்ளாட்சிகளுக்கான நிதிப் பகிர்வையும் குறைத்தது. 2006 ஜூனில் உண்மை வெளியே வந்தது. தீர்க்க வேண்டிய கடன் சுமார் 3,530 கோடி யென். ஊரின் வழக்கமான ஆண்டு நிதியளவு சுமார் 440 கோடிதான். அப்போது மக்கள்தொகை 13 ஆயிரம் அளவில் இருந்தது. 2007 மார்ச்சில் யூபாரி அதிகாரபூர்வமாக நிதிச் சீரமைப்பின்கீழ் வந்தது.

எல்லோரும் 'திவால்' என்று சொன்னாலும், ஜப்பானியச் சட்டத்தில் ஒரு நகராட்சி தன் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள வழி கிடையாது. 2013-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் நொடித்தபோது கடன் கொடுத்தவர்களும் இழப்பில் பங்கெடுத்தார்கள். யூபாரியில் ஹொக்கைடோ மாகாண அரசு குறைந்த வட்டிக்குப் பணம் கொடுத்தது, வங்கிகளுக்கு அசலும் வட்டியும் முழுதாகத் திரும்பப் போனது. சுமை முழுவதும் ஊரில் தங்கியிருந்தவர்களின் தோளில் ஏறியது. எனக்கு இந்த விவகாரத்தில் ஆறாத கோபம் இருப்பது இந்த இடத்தில்தான்.

என்ன நடந்தது என்று பாருங்கள். நகராட்சி ஊழியர்களில் பாதிப்பேர் அந்த ஒரே வசந்தத்தில் வேலையைவிட்டுப் போனார்கள். மிஞ்சியவர்களின் சம்பளம் பெருமளவு வெட்டப்பட்டது. மேயரின் சம்பளத்தில் 70 சதவீதம் குறைந்தது. குடியிருப்பு வரியும் வாகன வரியும் கழிவுநீர்க் கட்டணமும் ஏறின. குப்பை எடுக்கவும் கட்டணம் வந்தது. நூலகம் மூடப்பட்டது, பொதுக் கழிப்பறைகள்கூட மூடப்பட்டன. தொடக்கப் பள்ளிகள் அனைத்தும் ஒன்றாகவும், நடுநிலைப் பள்ளிகள் அனைத்தும் ஒன்றாகவும் சுருங்கின. 171 படுக்கைகள் கொண்ட நகராட்சி மருத்துவமனை 19 படுக்கைகள் கொண்ட சிகிச்சையகமானது. அதைப் பொறுப்பேற்ற மருத்துவர் முராகாமி தோமோஹிகோ, முதியவர்களின் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் முறையையும் நோய்த் தடுப்பையும் வளர்த்தெடுத்தார். அந்த அனுபவம் ஜப்பான் முழுவதும் மருத்துவ வட்டாரங்களில் பேசப்பட்டது. ஆனால் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதினர் காத்திருக்கவில்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,334. அதில் பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

நகராட்சி கைவிட்ட திரைப்பட விழாவை ஊர்க்காரர்கள் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு தொடங்கி 2008-இல் மீண்டும் நடத்தினார்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், அரசு போட்ட சுற்றுலாத் திட்டங்களில் ஊர் மனதார ஏற்றுக்கொண்டது எது என்பது இதில் தெரிகிறது. ரோலர் கோஸ்டரை யாரும் மீட்கப் போகவில்லை.

அப்படியானால் யூபாரி எதை வைத்துப் பிழைக்கிறது? முதல் பதில் முலாம்பழம். நிலக்கரி செழித்திருந்த காலத்திலேயே, பள்ளத்தாக்கின் தென்பகுதியில் நிலம் வைத்திருந்த உழவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். நெல்லுக்கு இடமில்லை, மண் எரிமலைச் சாம்பல் கலந்தது. அந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு, தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடும் அதிகம். இரண்டும் முலாம்பழத்துக்குச் சர்க்கரை ஏற்றுபவை. 1960-இல் 17 உழவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். செம்மஞ்சள் சதையும் நல்ல மணமும் கொண்ட ஸ்பைசி கேண்டலூப் என்ற வகையையும், இனிப்பும் அழகிய வலைத்தோலும் கொண்ட ஏர்ல்ஸ் ஃபேவரிட் என்ற வகையையும் கலந்து புது வகை ஒன்றை உருவாக்கினார்கள். அதுதான் யூபாரி கிங். சங்கம் அமைந்தது ஊரின் மக்கள்தொகை உச்சத்தில் இருந்த அதே ஆண்டில்.

இந்தப் பழத்தின் விதையைக் கடையில் வாங்க முடியாது. முதல் தலைமுறைக் கலப்பின விதை என்பதால், பழத்திலிருந்து எடுத்து நட்டாலும் அதே குணம் வராது. விதை ஊர் வேளாண் கூட்டுறவின் கையில் இருக்கிறது; உறுப்பினர்களுக்கு மட்டும் கிடைக்கும். வேலை குளிர்காலத்திலேயே தொடங்குகிறது. வெளியே ஆளுயரப் பனி கிடக்கும்போது, அதை அள்ளி ஒதுக்கிப் பசுமைக்குடிலைச் சூடேற்றி நாற்று வளர்ப்பார்கள். பூக்கும்போது தேனீப் பெட்டிகளை உள்ளே வைப்பார்கள். பழம் பருத்து வரும் காலத்தில் குடிலின் பக்கத் திரையைக் காலையில் எவ்வளவு திறப்பது, மாலையில் எப்போது மூடுவது என்பதில் உழவரின் முழுத் திறமையும் இருக்கிறது. சூடு கூடினால் தோல் வெடிக்கும், குறைந்தால் இனிப்பு ஏறாது. வெயில் நேராகச் சுடாமல் இருக்க ஒவ்வொரு பழத்துக்கும் காகிதத் தொப்பி போடுவதும் உண்டு. அறுவடை விடியற்காலையில். பிறகு கூட்டுறவின் ஆய்வு. வலைப்பின்னலின் நேர்த்தி, இனிப்பு, வடிவம் பார்த்து நான்கு தரங்களாகப் பிரிப்பார்கள். தேறாதவை பெயர் முத்திரை இல்லாமல் போகும்.

யூபாரி கிங் சீக்கிரம் பழுத்துக் குழைந்துவிடும். டோக்கியோவின் கடைகளில் அடுக்கி வைத்து விற்க முடியாது. 1980 வாக்கில் வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டு சேர்க்கும் சேவைகள் பரவியபோது அந்தக் குறை பலமாக மாறியது. பெட்டியில் வைத்து நேராக வாடிக்கையாளரின் வாசலுக்கே அனுப்பினார்கள். கோடைக்காலப் பரிசுப் பொருளாக நாடெங்கும் பெயர் பெற்றது. 2015 டிசம்பரில் ஜப்பான் தன் முதல் புவிசார் குறியீடுகளை வழங்கியபோது, அந்த ஏழு பொருள்களில் கோபே மாட்டிறைச்சியோடு யூபாரி முலாம்பழமும் இருந்தது. ஒவ்வொரு மே மாத இறுதியிலும் சப்போரோ மொத்தச் சந்தையில் நடக்கும் முதல் ஏலத்தைத்தான் உலகச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2019-இல் இரண்டு பழங்கள் 50 லட்சம் யென்னுக்குப் போயின. அது விளம்பரத்துக்காகக் கொடுக்கும் விலை. சாதாரண ஆண்டின் மொத்த விற்பனை சுமார் 200 கோடி யென், பயிரிடுவது ஏறக்குறைய நூறு குடும்பங்கள். அந்தக் குடும்பங்களிலும் வாரிசுப் பிரச்சினை இருக்கிறது. பனி அள்ளவும் அறுவடை செய்யவும் ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு சிரமமாகிறது.

மற்ற தொழில்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரம்பரிய மருந்து நிறுவனமான சுமுரா 2009-இல் மூலிகைகளைப் பதப்படுத்திச் சேமிக்க இங்கே துணை நிறுவனம் தொடங்கியது. கடிகார உதிரிபாகத் தொழிற்சாலை உண்டு. காடு உண்டு. சுரங்கத் தொழிலாளர்கள் விரும்பிய, கெட்டியான கறிக்குழம்பு ஊற்றிய சோபா நூடுல்ஸ் இன்றும் ஊரின் அடையாள உணவு.

2008-இல் டோக்கியோ மாநகர அரசு உதவிக்கு அனுப்பிய இளம் ஊழியர்களில் ஒருவர் சுசுகி நவோமிச்சி. 2011-இல் தன் 30-ஆவது வயதில் யூபாரியின் மேயரானார். அவர் செய்த வேலையில் நான் மிகவும் மதிப்பது, ஊர் சுருங்குகிறது என்பதை வாய்விட்டு ஒப்புக்கொண்டது. ஆங்காங்கே பாதி காலியாகக் கிடந்த அடுக்குமாடிகளில் இருந்தவர்களிடம் பேசி, அவர்களை ஒரே கட்டடத்துக்கும், காலப்போக்கில் ஷிமிசுசாவாவுக்கும் நகர்த்தும் திட்டத்தைத் தொடங்கினார். மலையூர்க் கிழவர்களை வீடு மாறச் சொல்வது எளிதல்ல. ஒவ்வொரு கட்டடமாகப் பேச வேண்டியிருந்தது.

ரயில் விஷயத்திலும் அப்படியே. ஜே.ஆர். ஹொக்கைடோ நிறுவனம் நட்டப் பாதைகளை மூடப்போகிறது என்பது தெரிந்ததும், 2016-இல் சுசுகி அவர்களிடம் முந்திக்கொண்டு போனார். ஷின்-யூபாரியிலிருந்து வடக்கே வரும் கிளைப்பாதையை மூட ஒப்புக்கொள்கிறோம், பதிலுக்குப் பஸ் போக்குவரத்துக்குப் பணமும் நிலமும் ஆளும் கொடுங்கள் என்றார். சுமார் 75 கோடி யென் கிடைத்தது. 2019 மார்ச் 31 அன்று கடைசி ரயில் ஓடியது. பஸ் நிறுத்தமும் நூலகமும் கூடங்களும் சேர்ந்த ரிசுத்தா என்ற மையம் 2020-இல் ஷிமிசுசாவாவில் திறந்தது. சுசுகி 2019-இல் ஹொக்கைடோவின் ஆளுநரானார். அவருடைய ஆட்சியைக் குறை சொல்பவர்களும் உண்டு. நகராட்சி வைத்திருந்த விடுதிகளையும் பனிச்சறுக்கு மைதானத்தையும் 2017-இல் சுமார் 22 கோடி யென்னுக்கு ஒரு நிறுவனத்திடம் விற்றார்கள். அது இரண்டே ஆண்டில் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. 2020-இன் இறுதியில் நடத்தியவர்கள் தொழிலை நிறுத்தினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

2019 ஏப்ரலில் அருங்காட்சியகத்தின் மாதிரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. பழைய சுரங்கப் பாதையை அப்படியே காட்சிக்கு வைத்திருந்த இடம் அது. தீ நிலக்கரிப் படுகையைப் பற்றிக்கொண்டதால் மேலிருந்து அணைக்க முடியவில்லை. சுரங்கத்துக்குள் நீரைத் தேக்கித்தான் அணைத்தார்கள், வாரக்கணக்கில். 1981-ஐ நேரில் கண்டவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, இன்றைய நிலை. 2007-இல் யூபாரியைப் பார்த்துப் பயந்த நாடாளுமன்றம் அதே ஆண்டு புதிய உள்ளாட்சி நிதிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி துணை அமைப்புகளின் கடனையும் மருத்துவமனைக் கணக்கையும் சேர்த்தே ஒவ்வோர் உள்ளாட்சியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஓர் அளவைத் தாண்டினால் மேலரசு தலையிடும். யூபாரியில் நடந்த ஏட்டு வித்தையை இன்று யாரும் எளிதில் செய்ய முடியாது. அந்தச் சட்டத்தின்கீழ் நாட்டிலேயே கடும் நிலையில் வைக்கப்பட்டது யூபாரி மட்டும். புதிதாக ஒரு செலவு என்றால் அமைச்சரின் ஒப்புதல் வரை போக வேண்டும். 2010-இல் மறுவகுத்த திட்டப்படி கடன் 2026 நிதியாண்டோடு, அதாவது 2027 மார்ச்சில் தீர வேண்டும். நகராட்சியின் இணையதளத்தில் மீதிக் கடனைக் காட்டும் ஓர் எண்ணியும் ஓடிக்கொண்டிருந்தது. கடன் தீர்ந்த மறுநாளே ஊர் நிமிர்ந்துவிடாது. இருபது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட குழாய், பாலம், பள்ளிக் கட்டட வேலைகள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் அவற்றில் எதை முதலில் செய்வது என்பதை, டோக்கியோவைக் கேட்காமல் யூபாரியின் நகரமன்றமே முடிவெடுக்கும்.